ஒட்டாத இருமல்

அந்த இருமலை முதல்முறை கேட்பவர்கள் நாயைத்தான் தேடுவார்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் கொமுட்டர் ரயிலில் இதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். முதலில் காலடியில் பார்ப்பார்கள், பிறகு இருக்கைக்கு அடியில். அதற்குப் பிறகுதான் என் மடியில் உட்கார்ந்திருக்கும் அக்கா மகன்மேல் கண் வந்து நிற்கும். கோவிட் வந்து போன பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கண் நின்ற மறுகணம் தாடையில் தொங்கிய முகக்கவசம் மூக்குக்கு ஏறும். அடுத்த ஸ்டேஷனில் இறங்கவேண்டியவர்கள் மாதிரி எழுந்து நடந்து, அடுத்த பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

எனக்கு அதைத் தாங்க முடிந்ததில்லை. சும்மா இருக்கத் தெரியாத வாய் எனக்கு. அதனால் ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். மலாய்க்கார அக்கா என்றால், "தா பெர்ஜாங்கிட், காக்," ஒட்டாது அக்கா என்று. சீன அங்கிள் என்றால் அதையே ஆங்கிலத்தில். நம் ஆட்கள் என்றால் கொஞ்சம் நீளமாகப் போகும். "ஆன்டி, பயப்படாதீங்க, இது ஒட்டாது. பொறந்தவுடனே ஆபரேஷன் பண்ண பிள்ளை. மூச்சுக்குழாய் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு, அதான் இந்தச் சத்தம்." ஆன்டி தலையாட்டுவார். ஆட்டிக்கொண்டே பையைத் தூக்கித் தோளில் மாட்டுவார்.

பையன் பிறந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். முதல் பாலே உள்ளே இறங்கவில்லை. வாயெல்லாம் நுரை, உடம்பு நீலம். டாக்டர் ஒரு தாளைத் திருப்பிப்போட்டு எங்களுக்குப் படம் வரைந்து காட்டினார். உணவுக்குழாயின் மேல்பாதி காலுறையின் நுனி மாதிரி மூடிக்கிடந்தது. கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு போய்ச் சேர்ந்திருந்தது. அதைப் பிரித்து, இரண்டு பாதியையும் இழுத்துத் தைத்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அதற்குப் பின்னால் வரப்போவதைப் பற்றி அன்றைக்கே சொல்லியிருப்பார்கள், எங்கள் காதில் ஏறியிருக்காது.

வந்தவை இவை. தைத்த இடத்தில் தழும்பு இறுகி வழி குறுகிப்போகும். அப்போது மயக்கமருந்து கொடுத்து, சின்னதாக ஒரு பலூனை உள்ளே அனுப்பி ஊதி விரிக்க வேண்டும். விரித்த பிறகும் அந்தக் குழாய்க்கு மற்றவர்களுடையதைப் போலச் சோற்றைக் கீழே தள்ளும் வலு கிடையாது. நன்றாக மென்று, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் விட்டுத்தான் இறக்க வேண்டும். இறங்கியது புளித்து மேலே வரும், அதற்கு மருந்து. படுக்கையின் தலைமாட்டுக்கு அடியில் மரக்கட்டை. சளி பிடித்தால் நேராக நெஞ்சுக்குப் போய்விடும். இவ்வளவுக்கும் மேலே அந்த இருமல். மூச்சுக்குழாயின் சுவர் மெத்தென்று இருப்பதால் வரும் சத்தம், வளர வளரக் குறையும் என்றார்கள்.

இதையெல்லாம் வீட்டில் முதலில் கரைத்துக் குடித்தவன் நான்தான். அக்காவுக்கு முன்னால், மச்சானுக்கு முன்னால். மச்சான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். நான் வெளிநாட்டுப் பெற்றோர் குழுக்களில் சேர்ந்தேன், வீடியோ பார்த்தேன், ராத்திரி சாப்பாட்டு மேசையில் பாடம் எடுத்தேன். அக்கா கேட்டுக்கொண்டே பருப்புச் சோற்றை மசிப்பாள்.

அக்கா வெட்கப்பட்டாள். அதை நான் மன்னிக்கவில்லை. எங்கள் தாமான் குடியிருப்பில், பக்கத்து லைன் ஆன்டி ஒருத்தர் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டார்: "மாசமா இருக்கறப்ப கிரகணத்தன்னிக்கு வெளிய போனியாம்மா?" அன்றிலிருந்து அக்கா கோயில் திருவிழாவுக்குப் போவதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போனாலும் மசித்த சோற்றைச் சூட்டுக்குடுவையில் கொண்டுபோய், காரில் வைத்து ஊட்டிவிட்டு வருவாள். யாராவது கேட்டால், "வீட்லயே சாப்ட்டான்" என்பாள்.

"எதுக்குக்கா ஒளியிற? அவன் என்ன குத்தம் பண்ணான்?" என்று சண்டை போடுவேன்.

"நீ பேசிடுவ. அவங்க மூஞ்சியப் பாக்கறது நான்தானே."

எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மூடி மறைக்கிறாள், நான் எழுந்து நின்று சொல்கிறேன். இரண்டு பேரும் ஒரே கண்களுக்குப் பயந்துதான் அப்படிச் செய்தோம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பையனுக்கு நான்கு வயது நடந்தபோது, மருத்துவமனை முடிந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்குப் போனோம். அக்காவுக்கு ரவிக்கைத் துணி எடுக்க வேண்டும். கடைக்குள் ஏசியின் குளிர் பட்டதும் பையனுக்கு இருமல் எடுத்தது. துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெரியவர் கையை நிறுத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் பையனே அவர் பக்கம் நடந்துபோய்த் தலையை நிமிர்த்திச் சொன்னான்.

"அங்கிள், இது ஒட்டாது. நான் ஆபரேஷன் பண்ண பிள்ளை."

கடையே சிரித்தது. பெரியவர், "அப்படிங்களா சார், சரிங்க சார்" என்று கும்பிடு போட்டார். ஒரு பெண் அவன் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் நண்பர்களிடமெல்லாம் அந்தப் பேச்சை நடித்துக் காட்டினேன். அந்த நடிப்பு இப்போது நினைவுக்கு வந்தால் எங்கே இருந்தாலும் காது சூடாகிறது.

அதற்குப் பிறகு சில மாதங்களில் இருமல் குறைந்தது. ரயிலில் முன்போல யாரும் நாயைத் தேடவில்லை. பையன் சட்டைக் கழுத்தை இழுத்து வாயில் கடித்துக்கொள்ளும் பழக்கம் ஒன்று தொடங்கியிருந்தது, காலரெல்லாம் எச்சில். பல் முளைக்கிற வயதும் இல்லையே என்று அக்கா கடிந்துகொள்வாள். மற்றபடி அவளுக்குச் சந்தோஷம்.

"இருமல் குறைஞ்சிருக்கு லா. சாமி கண்ணத் தொறந்துருச்சு."

"வளர வளரக் குறையும்னு நான் அப்பவே சொன்னேன்ல."

மருத்துவமனையில் விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் சீனப் பெண் ஒருத்தர் இருக்கிறார். இருமல் எப்படி என்று கேட்டபோது, நல்ல முன்னேற்றம் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். பையனைப் பார்த்து, சாப்பாடு சிக்கினால் என்ன செய்வாய் என்று கேட்டார். "துப்புவேன்" என்றான். கெட்டிக்காரன் என்றார். வீட்டில் அவன் துப்பி நான் பார்த்து நாளாகியிருந்தது. அதையும் முன்னேற்றத்தில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த பிறந்தநாளுக்கு ஊரைக் கூட்டிச் செய்யவேண்டும் என்று அடம்பிடித்தது நான். அக்கா வேண்டாம் என்றாள். "வீட்டுக்குள்ள பாயாசம் வச்சுச் சாமி கும்பிட்டாப் போதும்டா." நான் விடவில்லை. வாசலில் கூடாரம் போட்டேன், கரோக்கே பெட்டி வாடகைக்கு எடுத்தேன், நீல பலூன்கள் கட்டினேன். நீலம் ஏனென்றால், முன்பொரு தடவை மயக்கமருந்துக்கு முன்னால் பையன் டாக்டரிடம், "எனக்கு எந்தக் கலர் பலூன்?" என்று கேட்டிருந்தான். அவரும் அசராமல், "நீலம்" என்றிருந்தார்.

நம் பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்டுவது ஐந்து நிமிட வேலை. ஊட்டுவதுதான் விழா. அப்பா அம்மா, தாய்மாமன், பெரியப்பா குடும்பம், வேலையிட நண்பர்கள், தாமான்காரர்கள் என்று வரிசையாக வந்து, ஒவ்வொருவரும் பிள்ளை வாயில் ஒரு துண்டு வைத்து, அந்த விரல் உதட்டில் இருக்கும்போதே கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஊட்டாமல் போனால் மனஸ்தாபம். வாயில் வாங்காத பிள்ளை திமிர் பிடித்த பிள்ளை. கேக்கும் ரொட்டியும் எச்சிலோடு சேர்ந்தால் மாவு உருண்டையாகிக் குறுகிய வழியை அடைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அதனால் கேக்கைப் பார்வைக்கு வைத்துவிட்டு, ஊட்டுவதற்குத் தளதளவென்று கஸ்டர்ட் செய்யச் சொல்லியிருந்தேன். சின்னக் கரண்டியும் தண்ணீர் போத்தலும் என் கையில்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் மைக்கை எடுத்தேன். உணவுக்குழாய் என்றால் என்ன, பையனுக்கு எங்கே தைத்தார்கள், ஏன் கேக் ஆகாது, இருமினால் ஏன் யாரும் ஒதுங்க வேண்டாம். அழகாகத்தான் பேசினேன். கரோக்கே பெட்டி என் குரலுக்கு எதிரொலி வேறு வைத்தது. காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு பையன் என் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றான். பேசி முடித்தபோது கூடாரத்தில் சத்தமே இல்லை. பின்வரிசையில் யாரோ, "பாவம்லா" என்றது மட்டும் கேட்டது. அக்கா உள்ளே போய்விட்டாள்.

அந்த அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. உடம்பெல்லாம் கூசியது. பெரியப்பா ஒருவர்தான் அதை உடைத்தார்.

"மாமன்காரன் டாக்டர் ஆயிட்டான் போல. ஏண்டா, கஸ்டர்டை ஊட்டுனா போட்டோல மருந்து குடுக்கற மாதிரில்ல இருக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு திரும்பி வந்ததில் எனக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியில், "சரி பெரியப்பா, கேக்கே ஊட்டுங்க, பட்டாணி அளவு, அதுக்கு மேல வேணாம்" என்றுவிட்டேன்.

பட்டாணி அளவுதான் வைத்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டாணிகள் நிறைய. முதலில் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் கொடுத்தேன். பிறகு படம் எடுத்தவர், "தம்பி, போத்தல் போட்டோல விழுது, கொஞ்சம் தள்ளிக்கோ" என்றார். தள்ளிக்கொண்டேன். பையன் ஒருவரிடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருமுறைகூட இருமவில்லை. எவ்வளவு சமர்த்து என்றார்கள்.

பிறகு பாட்டுப் போட்டார்கள். நான் நாற்காலி நகர்த்தினேன், கோழிப் பிரட்டல் தட்டுகளை எடுத்துக்கொடுத்தேன். கிரீடம் மேசைமேல் கிடந்ததைப் பார்த்துத்தான் பையனைத் தேடினேன். பின்கட்டில், துணிதுவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தான். ஒரு துண்டை இரண்டு கையாலும் வாயோடு அழுத்திப் பிடித்திருந்தான். முகம் சிவந்து கண் பிதுங்கியது. துண்டு முழுக்க எச்சில். அவனால் தன் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை.

"இருமுடா தம்பி. இருமு. துப்பு."

தலையை ஆட்டினான். துண்டுக்குள்ளிருந்து, எச்சில் கொழகொழக்க, ஏதோ சொன்னான். வாசலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன்.

"எல்லாரும் இருக்காங்க."

அவனைக் குனியவைத்துப் பிடித்தேன். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது தெரியும், கொடுக்கவில்லை. மச்சான் ஓட்ட, அக்கா மடியில் அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, எச்சிலைத் துடைத்துக்கொண்டே மருத்துவமனை போனோம். காருக்குள் அவனைத் தவிர நாங்கள் மூன்று பேர்தான். அங்கேயும் அவன் இருமலை அடக்கினான். அவன் நெஞ்சு மட்டும் குலுங்கியது.

மயக்கமருந்து கொடுத்து, குழாய்விட்டு, கேக் உருண்டையை எடுத்தார்கள். தைத்த இடம் மறுபடியும் குறுகியிருந்தது, அதையும் அப்போதே விரித்துவிட்டார்கள். மறுநாள் காலை ஒரு டாக்டர் வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். தமிழர், வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம்.

"சிக்கினப்ப ஏன் துப்பல?"

பையன் அக்காவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். குழாய் விட்டதில் அவன் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"துப்புனா இருமல் வரும்."

"வரட்டுமே. வந்தா என்ன?"

"இருமுனா மாமா எல்லார்ட்டயும் சொல்லணும்."

டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. அது அவர் செய்த மரியாதை. அக்கா போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார். "இருமல் குறைஞ்சதுன்னு எழுதியிருக்கு. குறையல, உள்ள தள்ளியிருக்கான். இவனுக்கு இருமல் வேணும். சோறு தப்பான பக்கம் போறப்ப அதுதான் வெளிய தள்ளுது. துப்பறதும் அப்படித்தான். இந்த ரெண்டையும் எங்க வேணா, யார் முன்னால வேணா செய்யலாம்னு அவனுக்குத் தெரியணும். இல்லன்னா பள்ளிக்கூடத்துல ஒரு நாள் இதே மாதிரி கழிவறைக்குள்ள போய் உக்காந்துக்குவான்."

ஜனவரியில் அவன் பாலர் பள்ளி போக வேண்டும். அங்கே நானும் இருக்கமாட்டேன், அக்காவும் இருக்கமாட்டாள். கழிவறை என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் கஞ்சியைத் தவிர வேறெதையும் தொடவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போனோம். இந்தத் தடவை நான் முந்தவில்லை, அக்காவே பேசினாள். அந்தப் பெண், வாயால் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடுங்கள் என்றார். மற்றவர்கள் சாப்பிடும் மேசையில், மற்றவர்களும் துப்புவதை அவன் பார்க்க வேண்டுமாம். எங்கே போய்ப் பார்ப்பது? துப்புவது அசிங்கம் என்று நடக்கப் பழகும்போதே அடித்துச் சொல்லி வளர்க்கிற ஆட்கள் நாம்.

அன்றைக்கே மதியம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். நான்தான் கூட்டிப்போனேன். நல்ல கூட்டம். அலுவலகக்காரர்கள் கழுத்தில் அட்டை தொங்க வரிசையில் நின்றார்கள். எங்களுக்குக் கிடைத்த மேசைக்குப் பக்கத்து மேசையில் சேலை கட்டிய இரண்டு பெண்கள். இலை போட்டு, சோறு வைத்து, கோழிக்கறி வந்தது. பையனுக்குக் குழைந்த சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்து வைத்தாள் அக்கா. அவன் தொடவில்லை. இலையின் நரம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

நான் ஒரு கறித்துண்டை வாயில் போட்டு மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். செய்யப்போகிற வேலை எனக்குத் தெரியும், உடம்பு மறுத்தது. மேடையில் பேசச் சொன்னால் பேசிவிடுகிற எனக்கு, மென்ற கறியை இலையில் துப்புவதற்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. பிறகு இலையின் ஓரத்தில் துப்பினேன்.

பரிமாறுகிற அண்ணன் வாளியோடு நின்றார். "என்ன தம்பி, கறி சரியில்லையா?"

"கறி நல்லாருக்குண்ணே. தொண்டைல நிக்கிற மாதிரி இருந்துச்சு."

"மெதுவா சாப்பிடு லா. யாரு தொரத்துறா?" போய்விட்டார்.

பக்கத்து மேசைப் பெண்களில் ஒருத்தர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா மூச்சுக்குள், "டேய், கண்றாவி" என்றாள். பையன் நான் துப்பியதையே பார்த்தான். அப்புறம் என் முகத்தை. நான் அடுத்த வாய்ச் சோற்றை எடுத்தேன்.

பிறகு, கல்யாண வீடுகளில் காருக்குள் ஒளிந்து ஊட்டிய என் அக்கா, முந்தானையால் வாயை மறைக்காமல், ஒரு உருளைக்கிழங்குத் துண்டை இலையில் துப்பினாள். அவளுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர்.

"அம்மாவுக்கும் சிக்குதா?" என்றான்.

"ஆமாடா."

அவன் ரசச் சோற்றை எடுத்தான். ஒரு வாய், ஒரு மடக்குத் தண்ணீர். இன்னொரு வாய். மூன்றாவதோ நான்காவதோ உள்ளே நின்றுவிட்டது. அந்த முகம் எங்களுக்குத் தெரியும். கை சட்டைக் காலருக்குப் போனது. அக்கா மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். காலர் உதடு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. பிறகு அவன் அதை விட்டுவிட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி இருமினான். சோறு இலையிலும் மேசையிலும் என் சட்டையிலும் விழுந்தது.

தலைகள் திரும்பின. சேலைப் பெண் நாற்காலியை இழுத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டார். இரண்டு முகக்கவசங்கள் மேலே ஏறின. என் வாய் தானாகத் திறந்தது. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, மூன்று மொழியிலும். அப்போது அவன் யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான், நான் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டு.

வாயை மூடிக்கொண்டேன். சட்டையில் விழுந்த பருக்கையை எடுத்து இலையில் போட்டேன். முகம் எரிந்தது. அந்தக் கூச்சம் போய்விட்டது என்று எழுத ஆசைதான், போகவில்லை. இன்றைக்கும் ரயிலில் யாராவது எழுந்து போனால் என் தொண்டையில் அந்த வாக்கியம் ஏறி இறங்குகிறது.

"மாமா, சொல்லலயா?"

"இல்லடா."

"ஏன்?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்ல."

அவன் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான். பரிமாறும் அண்ணனை நான் கூப்பிடுவதற்குள் மறுபடி இருமல் வந்தது. வாயைப் பொத்தாமல் இருமி முடித்துவிட்டு, தம்ளரை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீர் குடித்தான்.